அலாரம் பெரிதா, கிளிஃப் பெரிதா? காவல் மந்திரங்கள் பற்றிய இழை

7 ஜூன் 2025, வாசகர் கேள்வி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டு), ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். இப்போதுதான் டி.எம். (கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்) ஆகியிருக்கிறேன். கோபுரத்தில் வசிக்கும் மந்திரவாதியின் பெட்டிக்குக் காவலாக கிளிஃப் ஆஃப் வார்டிங் என்ற, வரைந்துவைக்கும் பொறி மந்திரத்தை வைத்தேன். என் ஆட்டக்காரர்கள் அறை வாசலில் நின்றபடி மேஜ் ஹேண்ட் என்ற மந்திரக் கையை அனுப்பி மூடியைத் திறந்தார்கள். பெட்டி வெடித்தது. அவர்கள் கைதட்டினார்கள். 200 பொன் பெறுமான வைரத்தூள் புகையாகிப் போனதுதான் மிச்சம். இந்த மந்திரத்தால் உண்மையிலேயே பயன் உண்டா?

7 ஜூன், இரவு

உண்டு. வெடித்த வகைதான் தவறானது.

கணக்கைப் பாருங்கள். வெடிக்கும் வகை கிளிஃப், வரையப்பட்ட இடத்திலிருந்து 20 அடி ஆரத்துக்குத் தாக்கும். மேஜ் ஹேண்ட் 30 அடி வரை போகும். இடையில் பத்து அடி மிச்சம். அங்கே நின்று கடலை கொறிக்கலாம்.

அதே மந்திரத்தில் இரண்டாவது வகை ஒன்று இருக்கிறது. வெடிக்குப் பதிலாக வேறொரு மந்திரத்தை உள்ளே அடைத்து வைப்பது. மூன்றாம் நிலை ஸ்லாட்டில் (ஒரு நாளில் மந்திரம் போடக் கிடைக்கும் வாய்ப்புகளில் ஒன்று) வரைந்தால், ஒரு தனி உயிரையோ ஒரு பரப்பையோ குறிவைக்கும் மூன்றாம் நிலை வரையுள்ள மந்திரத்தை அடைக்கலாம். அடைத்தது பரப்பைத் தாக்கும் மந்திரமாக இருந்தால், பொறியைத் தூண்டிய உயிரை நடுவில் வைத்து வெடிக்கும். பெட்டியை அல்ல, ஆளை. ஃபயர்பால் என்ற தீக்கோள மந்திரத்தை அடைத்துவிட்டு யோசித்துப் பாருங்கள். வாசலில் கூட்டமாக நின்று எட்டிப் பார்க்கும் நான்கு பேர், அவர்களுக்கு நடுவில் எட்டு ஆறுமுகப் பகடைச் சேதம், சராசரி 28. வெறும் வெடிக்கு ஐந்து எட்டுமுகப் பகடைதான், சராசரி 22.5. அடைக்கும் மந்திரத்துக்குத் தனியாக ஒரு ஸ்லாட் செலவாகும் என்பது உண்மை. வீட்டோடு இருக்கும் வில்லனுக்கு அது ஒரு செலவா? இன்று வரைகிறார், நாளை எழும்போது ஸ்லாட் திரும்பிவிடுகிறது.

உடனே உங்கள் ஆட்டக்காரர் கையைத் தூக்குவார்: தூண்டியது மந்திரக் கைதானே, அது உயிரே இல்லையே, பிறகு நடுவில் யாரை வைப்பீர்கள்? எய்தவன் இருக்க அம்பை நோவானேன். கையை ஏவியவர்தான் தூண்டியவர் என்பது என் மேசைத் தீர்ப்பு. விதிப் புத்தகம் இந்த இடத்தில் வாய் திறப்பதில்லை. ஆகவே இந்தத் தீர்ப்பை ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவையுங்கள். வெடித்த பிறகு சொன்னால் பஞ்சாயத்து விடியும்வரை நடக்கும்.

8 ஜூன், காலை

இன்னொரு ஓட்டை இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. கிளிஃப் வரைந்த பொருளை, வரைந்த இடத்திலிருந்து 10 அடிக்கு மேல் நகர்த்தினால் அது தூண்டப்படாமலேயே அழிந்துபோகும். சத்தமில்லை, நெருப்பில்லை. மேஜ் ஹேண்ட் 10 பவுண்டு வரை தூக்கும். புத்தக அட்டைக்குள் கிளிஃபை வரைந்து, புத்தகத்தைத் திறந்தால் வெடிக்கும் என்று வைத்திருப்பீர்கள். கை அதைத் திறக்காமலேயே பதினோரு அடி தூக்கி வந்துவிடும். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு படிக்கலாம்.

ஆகவே கையடக்கப் பொருளில் வரையாதீர்கள். மேசைப் பரப்பில் வரைந்து அதன்மேல் புத்தகத்தை வையுங்கள். மேலே உள்ள பொருளை எடுத்தால் தூண்டப்படவேண்டும் என்று நிபந்தனை வைக்க விதியே இடம் தருகிறது.

8 ஜூன், இரவு

காலையில் எழுதியதையும் நேற்று எழுதியதையும் திரும்பப் படித்தேன். இரண்டும் சரிதான், ஆனால் கேள்வியை அதன் போக்கிலேயே எடுத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன். பெட்டியை எப்படி வெடிக்கவைப்பது என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். நான் அந்த மந்திரவாதியாக இருந்தால் 200 பொன்னைச் செலவே செய்யமாட்டேன். யாராவது நுழைந்தால் எச்சரிக்கும் முதல் நிலை மந்திரமான அலாரம் போடுவேன்.

சிரிக்காதீர்கள். அலாரம் ரிச்சுவலாக, அதாவது ஸ்லாட் இல்லாமல் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு, செய்யக்கூடியது. வழக்கமான ஒரு நிமிடத்தோடு பத்து நிமிடம் கூடும், பதினோரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஸ்லாட் செலவில்லை, பொன் செலவில்லை. ஒரு சிறு மணியும் மெல்லிய வெள்ளிக் கம்பித் துண்டும் போதும், அவையும் தீர்ந்துபோவதில்லை. எட்டு மணி நேரம் நிற்கும். நாளுக்கு மூன்று முறை செய்தால் இடைவெளியே இல்லாத காவல். கதவு, ஜன்னல், அல்லது 20 அடிக் கனசதுரம் வரையுள்ள இடம், எதற்கு வேண்டுமானாலும் போடலாம். யாரெல்லாம் வந்தால் ஒலிக்கக்கூடாது என்று போடும்போதே குறித்துவிடலாம். வேலைக்காரப் பையன் தண்ணீர் கொண்டுவரும்போதெல்லாம் திடுக்கிட வேண்டியதில்லை.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். அலாரத்திலும் இரண்டு வகை. காதுக்குக் கேட்கும் வகை கைமணி ஓசையைப் பத்து விநாடி எழுப்பும், 60 அடிக்குக் கேட்கும். மனத்துக்குள் ஒலிக்கும் வகை போட்டவருக்கு மட்டும் தெரியும், ஒரு மைல் தொலைவுக்குள் இருந்தால் போதும், தூங்கினாலும் எழுப்பிவிடும். உள்ளே நுழைந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. பகடை உருட்டச் சொல்லமாட்டீர்கள். சேவ், அதாவது தப்பிக்கப் பகடை உருட்டும் வாய்ப்பு, கிடையாது. அவர்கள் பாட்டுக்கு மேஜ் ஹேண்டை அனுப்பி, மூடியைத் திறந்து, வெடிக்கவில்லையே என்று மகிழ்ந்து, பங்கு பிரிக்க உட்காருவார்கள்.

ஒரு மைல் என்பது 5280 அடி. ஆறு விநாடிச் சுற்றுக்கு 30 அடி நடப்பவர் 176 சுற்றில் வருவார், கிட்டத்தட்ட பதினேழரை நிமிடம். ஓடினால் ஒன்பது நிமிடத்துக்கும் குறைவு. ஆட்டக்காரர்களின் பாத்திரங்கள் இளைப்பாறும் ஷார்ட் ரெஸ்ட் ஒரு மணி நேரம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

கிளிஃப் வெடித்தால் கட்சிக்கு (ஆட்டக்காரர்களின் குழுவுக்கு) தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியாது. அலாரம் ஒலித்தால் வீட்டுக்காரருக்குத் தெரியும், கட்சிக்குத் தெரியாது. காவல் மந்திரங்களை எடைபோடும்போது எத்தனை பகடை சேதம் என்று கேட்பதைவிட, யாருக்கு எப்போது செய்தி போகிறது என்று கேட்பதே மேல் என்பது என் வாதம்.

9 ஜூன்

"அலாரத்தில் சுவாரசியமே இல்லை, ஆட்டக்காரருக்கு ஒன்றும் நடப்பதில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நடப்பது தாமதமாக நடக்கிறது, அவ்வளவுதான்.

10 ஜூன், மதியம்

மேலே உள்ளவருக்காக எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன்.

நூலகம் ஒன்றில் நுழைந்தார்கள். வாசலிலேயே மனத்தொலி அலாரம். நான் எதுவும் சொல்லவில்லை. அலமாரிகளை விவரித்தேன், தூசியை விவரித்தேன். ரோக் (பொறி தேடும் திருடன் பாத்திரம்) ஆடும் தம்பி ஒவ்வொரு மேசையையும் சோதித்தான், பொறி இல்லை என்றேன். உண்மையும் அதுதான், மேசைகளில் ஒன்றும் இல்லை. கடைசி இழுப்பறையில் ஒரு மோதிரம் கிடைத்தது. அது யாருக்கு என்று பேச்சு ஆரம்பித்தது. பேச்சு என்று மரியாதைக்காகச் சொல்கிறேன்.

நடுவே நான், "இந்த வாக்குவாதம் கோபுரத்துக்குள்ளும் நடக்கிறதா, இங்கே மட்டுமா?" என்று கேட்டேன். "உள்ளேயும்தான், என் ஆள் விட்டுக்கொடுக்கமாட்டான்" என்றார் ஃபைட்டர் (போர்வீரன் பாத்திரம்) ஆடுபவர். சரி என்று ஒரு சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைத்தேன். கிளெரிக் (பூசாரிப் பாத்திரம்) ஆடுபவர் தொழிலில் கணக்குத் தணிக்கையாளர். அவர் மட்டும் அந்தச் சீட்டைப் பார்த்தார். "அண்ணா, நாம் உள்ளே வந்து எவ்வளவு நேரம் ஆகிறது?" என்றார். "நீங்களே சொல்லுங்கள்" என்றேன். மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்த நொடியில் அந்த அறையில் ஒருவர்கூடப் பகடையைத் தொடவில்லை, ஆனால் எல்லோருடைய முதுகும் நிமிர்ந்திருந்தது.

மந்திரவாதி வந்தார், உள்ளே வரவில்லை. வெளியிலிருந்து கதவைத் தொட்டு ஆர்கேன் லாக் என்ற பூட்டு மந்திரத்தைப் போட்டார். அதை உடைக்கவோ பூட்டைத் திறக்கவோ வேண்டிய எண் பத்து கூடிவிடும். பிறகு கதவு வழியாகவே பேசினார். மோதிரத்தை இழுப்பறையில் திரும்ப வைத்துவிட்டு, அவருக்காக ஒரு வேலையும் செய்து தருவதாக ஒப்புக்கொண்டு வெளியே வந்தார்கள். அந்த வேலையை வைத்தே அடுத்த பல வாரங்கள் ஓடின.

இதையே ஃபயர்பால் கிளிஃபாக வைத்திருந்தால்? 28 புள்ளி சேதம், இரண்டு மருந்துக் குப்பி, அடுத்த அறை.

11 ஜூன்

எலி.

நேற்றிலிருந்து நான்கைந்து பேர் ஒரே யோசனையைத் தனித்தனியாக எழுதிவிட்டார்கள்: கூண்டு நிறைய எலி வாங்கிப் போய், அலாரம் இருக்கும் அறைக்குள் ஒவ்வொன்றாக விடுவது. நள்ளிரவுக்குள் மந்திரவாதி பத்து முறை எழுந்து ஓடிவந்து, பதினோராவது முறை போர்வையை இழுத்துக்கொள்வார். பிறகு நாம் நுழைவோம்.

விதிப்படி வேலை செய்யும். 2014 புத்தகத்தில் டைனி அல்லது அதைவிடப் பெரிய உயிர் தொட்டாலோ நுழைந்தாலோ ஒலிக்கும் என்று இருக்கிறது. டைனிதான் இருப்பதிலேயே சிறிய அளவு. அப்படியானால் எல்லா உயிருக்கும் ஒலிக்கும் என்பதைச் சுற்றிவளைத்துச் சொல்லியிருக்கிறார்கள். உயிரினங்களுக்கான விதிப் புத்தகமான மான்ஸ்டர் மேனுவலில் எலியும் டைனி, சிலந்தியும் டைனி. சிலந்தி உண்டென்றால் கொசு? கொசுவுக்கும் ஒலிக்கும் என்றால் இந்த மந்திரத்தைப் போட்டுக்கொண்டு எந்த மந்திரவாதியும் தூங்கமுடியாது.

பழைய ஆட்கள் இதை முன்பே யோசித்துவிட்டார்கள். 1985இல் வந்த அன்எர்த்ட் ஆர்கானா புத்தகத்தில்தான் அலாரம் நுழைந்தது. 1989இன் இரண்டாம் பதிப்பு, சாதாரண எலியைவிடப் பெரிய உயிருக்குத்தான் ஒலிக்கும் என்று தெளிவாக எழுதியது. சுமார் அரை கன அடி, அல்லது மூன்று பவுண்டுக்கு மேல் எடை என்று அளவும் கொடுத்தது. என் மேசையில் அந்தப் பழைய அளவைத்தான் வைத்திருக்கிறேன். எலிக் கூண்டோடு வருபவர்கள் மூன்று பவுண்டுக்கு மேல் எடையுள்ள பூனையைத் தேடிக்கொள்ளட்டும். பூனை சொன்ன இடத்துக்குப் போகுமா என்பதற்கு நான் பகடை உருட்டுவேன்.

11 ஜூன், சற்றுப் பின்

இல்லை, பூனைக்குப் பகடை வேண்டாம். போகாது.

13 ஜூன்

கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். முதலில் ஃபைண்ட் டிராப்ஸைப் பற்றி வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். இரண்டாம் நிலை மந்திரம். 120 அடிக்குள், பார்வைக்கு எட்டும் இடத்தில் பொறி இருந்தால், இருக்கிறது என்று தெரியும். எங்கே என்று தெரியாது. ஆபத்து பொதுவாக எப்படிப்பட்டது என்பது மட்டும் தெரியும். கல்லறைக்குள் இறங்கி, எலும்புக்கூடுகளைத் தாண்டி, தரையெல்லாம் பழைய ரத்தக்கறையாக இருக்கும் கூடத்தில் நின்று, ஸ்லாட்டைச் செலவழித்து, இங்கே பொறி இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு ஒரு மந்திரம். இடிந்து விழப்போகும் கூரையை அது சொல்லாது, ஏனென்றால் யாரும் அதைத் திட்டமிட்டு வைக்கவில்லை.

ஒரு நன்மை உண்டு. எவையெல்லாம் தெரியும் என்று விதி பெயர் சொல்லும் பட்டியலில் அலாரமும் இருக்கிறது. பொறி தேடும் ரோக்கின் கண்ணுக்குச் சிக்காத ஒன்றை இது பிடித்துவிடும். நான் சொன்ன நூலகத்தில் அந்த கிளெரிக் இதைப் போட்டிருந்தால் என் திட்டம் வாசலிலேயே முடிந்திருக்கும். ஆனால் இந்த மந்திரத்தைத் தயார்செய்துகொண்டு வந்த கிளெரிக்கை நான் இன்னும் சந்திக்கவில்லை.

எல்லோரும் வைத்திருப்பது டிடெக்ட் மேஜிக். ரிச்சுவல், 30 அடி, மாயம் இருக்கிறதா என்று உணரலாம், கண்ணுக்குத் தெரியும் பொருளைச் சுற்றி மங்கலான ஆரா தெரியும், எந்தப் பிரிவு மாயம் என்றும் தெரியும். அலாரமும் கிளிஃபும் அப்ஜுரேஷன், அதாவது காவல் மாயப் பிரிவு. ஆகவே பெட்டியில் அப்ஜுரேஷன் என்றால் கட்சி பின்வாங்கிவிடும்.

வீட்டுக்கார மந்திரவாதிக்கு இதுவும் தெரியும்தானே. மெல்லிய ஈயத்தகடு ஒன்று போதும், டிடெக்ட் மேஜிக் அதை ஊடுருவாது. மூடியின் உட்புறம் கிளிஃப், வெளிப்புறம் முழுக்க ஈயத்தகடு. இன்னும் கெட்ட புத்தி இருந்தால் நிஸ்டல்ஸ் மேஜிக் ஆரா. மாயமில்லாத பொருளை மாயப்பொருள்போல் காட்டும், பிரிவையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். ஒரே பொருளுக்கு முப்பது நாள் தொடர்ந்து போட்டால் யாராவது கலைக்கும்வரை நிற்கும். அறையின் மூலையில் கிடக்கும் ஊறுகாய் ஜாடிக்கு அப்ஜுரேஷன் ஆரா கொடுத்துவிட்டுப் பாருங்கள். கட்சி அந்த ஜாடியைச் சுற்றி முக்கால் மணி நேரம் கூட்டம் போடும். அந்த முக்கால் மணி நேரம் மனத்தொலி அலாரத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மீண்டும் சொல்லவேண்டியதில்லை.

14 ஜூன்

திருத்தம் சொன்ன நண்பருக்கு: நீங்கள் வைத்திருப்பது 2024 புத்தகம். அதில் கிளிஃபைக் கவனிக்க உருட்டுவது விஸ்டம் பெர்செப்ஷன், அதாவது புலன்களின் கூர்மை. நான் பேசுவதும் கேள்வி கேட்டவர் ஆடுவதும் 2014. அதில் இன்டெலிஜன்ஸ் இன்வெஸ்டிகேஷன், அதாவது தேடி ஆராயும் அறிவு. மூன்றாம் பதிப்பில் இன்னும் கடுமை, ரோக் தவிர வேறு யாராலும் கிளிஃபைத் தேடிக் கண்டுபிடிக்கமுடியாது, ரோக்குக்கே பகடைக் கணக்கில் 28 வேண்டும்.

எனக்கு 2014 முறைதான் பிடிக்கிறது. பெர்செப்ஷன் என்றால் ஆட்டக்காரர் அறைக்குள் தலையை நீட்டி எண்ணைச் சொல்கிறார். இன்வெஸ்டிகேஷன் என்றால், எதைச் சோதிக்கிறாய், எப்படிச் சோதிக்கிறாய் என்று நான் கேட்க ஒரு சாக்கு கிடைக்கிறது. மூடியின் ஓரத்தை விரலால் தடவுகிறேன் என்றால் அது ஒரு கதை. தொடாமல் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கிறேன் என்றால் வேறு கதை.

16 ஜூன்

கப்பல் கேள்வி. கப்பல் தலைவியின் அறைக்கதவில் கிளிஃப் வரைந்தார்கள், கப்பல் கிளம்பியது, பத்தடி தாண்டியதும் அழிந்துவிட்டது என்று அவர்களுடைய டி.எம். சொல்லிவிட்டாராம். சரியா என்று கேட்கிறார்கள்.

எழுத்துக்கு எழுத்து படித்தால் அவர் சொன்னது சரி. ஆனால் அதே எழுத்தைப் பிடித்துக்கொண்டு, உலகமே சுழல்கிறதே, கோட்டையில் வரைந்த கிளிஃபும் நகர்கிறதே என்று மேசையில் ஒருவர் கிளம்புவார். எப்போதும் ஒருவர் இருப்பார். என் வழக்கம்: கப்பல் ஓர் இடம். கதவு கப்பலைப் பொறுத்து நகரவில்லை, கிளிஃப் நிற்கும்.

17 ஜூன்

கப்பலை ஒப்புக்கொண்டீர்களே, மாட்டுவண்டி? அதையும் ஒப்புக்கொண்டால் தள்ளுவண்டி? என்று இரவெல்லாம் செய்தி. தள்ளுவண்டியை ஒப்புக்கொண்டால் அடுத்து கேடயத்தின் பின்புறம்தான். எதிரி முன்னால் போய்க் கேடயத்தைத் திருப்பிக் காட்டுவார்கள். இந்த வழியில் போனால் கிளிஃப் கையெறி குண்டாகிவிடும். அதைத் தடுக்கத்தான் அந்தப் பத்தடி விதியே.

ஆகவே நேற்றுச் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். கப்பலா வண்டியா என்று அளவு பார்ப்பதில் பயனில்லை. எதிரி பொறியைத் தேடி வருகிறானா, பொறி எதிரியைத் தேடிப் போகிறதா? முதலாவது என்றால் நிற்கும். இரண்டாவது என்றால் அழியும். கப்பல் தலைவியின் அறைக்குள் திருடன் நுழைந்தால் கிளிஃப் வெடிக்கட்டும். அதே கப்பலை எதிரிக் கப்பலோடு மோதி, கதவைப் பெயர்த்து அவர்கள் தளத்தில் வீசினால், வெறும் பலகை.

மாட்டுவண்டிக்கு இதை வைத்து நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். நான் வண்டிக்காரர் பக்கம்.

20 ஜூன்

நிபந்தனை எழுதுவது பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் சண்டை பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. கட்சியின் மந்திரவாதி கிளிஃப் வரையும்போது, "எதிரி வந்தால் வெடிக்கவேண்டும்" என்பார். எதிரி என்றால் யார்? கிளிஃபுக்கு எப்படித் தெரியும்? உயரம், எடைபோன்ற உடல் அடையாளம், எந்த வகை உயிர், அலைன்மென்ட் (நல்லது-கெட்டதுச் சார்பு), இவற்றை வைத்து வடிகட்டலாம் என்கிறது 2014 விதி. கடவுச்சொல் சொன்னவரை விட்டுவிடலாம். நட்பு, பகை, உள்நோக்கம் எல்லாம் அதில் இல்லை.

நான் ஒரு அட்டையில் ஒரே வாக்கியமாக எழுதித் தரச்சொல்வேன். "மேசைக்கு ஐந்தடிக்குள் வரும் மனித உருவ உயிர், கடவுச்சொல்லைச் சொல்லாவிட்டால்." அந்த அட்டை என்னிடம் இருக்கும். வெடிக்கும் நாளில் அட்டையைத் திருப்பி உரக்கப் படிப்பேன். ஒருமுறை அட்டையில் "கதவைத் திறப்பவர்" என்று மட்டும் இருந்தது. கதவைத் திறந்தவர் கட்சிக்கு ரொட்டி கொண்டுவந்த விடுதிக்காரர். அன்றிலிருந்து எங்கள் மேசையில் அட்டைகள் வழக்கறிஞர் நோட்டீஸ்போல் வருகின்றன.

வில்லனுடைய கிளிஃபுக்கும் அட்டை எழுதுங்கள், ஆட்டத்துக்கு முன்பே. நேரம் வரும்போது யோசித்துக்கொள்ளலாம் என்றால், நம்மையறியாமல் கட்சி செய்ததற்கேற்ப வளைத்துவிடுவோம்.

21 ஜூன்

எக்ஸ்ப்ளோசிவ் ரூன்ஸ் தனி மந்திரமாக இருந்த காலத்தை ஒருவர் நினைவுபடுத்தினார். 1978 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் அப்படித்தான் இருந்தது, படிப்பவர் தலையில்தான் வெடிக்கும். ஆறு நான்குமுகப் பகடைச் சேதம், அதற்கு மேல் ஆறு, படித்தவருக்குச் சேவே கிடையாது. ஆகவே எந்த ஓலையையும் சுருளையும் எழுத்தறிவில்லாத ஃபைட்டரிடம் கொடுத்துச் சுமக்கச் சொல்வார்கள். ஐந்தாம் பதிப்பில் அந்தப் பெயர் கிளிஃபுக்குள் ஒரு வகையாக ஒடுங்கிவிட்டது.

கலைப்பது பற்றியும் ஒரு வரி. டிஸ்பெல் மேஜிக் 120 அடியிலிருந்து மூன்றாம் நிலை கிளிஃபைப் பகடையே இல்லாமல் கலைத்துவிடும். அதற்கு மேல் என்றால் பத்தோடு மந்திர நிலையைக் கூட்டிய எண் வேண்டும். சிம்பல் என்ற பொறி மந்திரம் ஏழாம் நிலை, ஆக 17. ஆனால் சிம்பலுக்கு 1000 பொன்னுக்கு வைரமும் ஓபலும் வேண்டும். கோபுர மந்திரவாதி அவ்வளவு பணக்காரரா என்று முதலில் பாருங்கள்.

24 ஜூன்

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். அலாரம் வைத்தாராம். கட்சி அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டதாம். வாசலுக்கு வெளியே நின்று அன்ஸீன் சர்வன்ட் என்ற கண்ணுக்குத் தெரியாத மாயப் பணியாளை அனுப்பிப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்துவரச் செய்துவிட்டார்கள். அலாரம் ஒலிக்குமா?

ஒலிக்காது. அலாரம் உயிருக்குத்தான் ஒலிக்கும். அந்தப் பணியாள் உருவமும் அறிவும் இல்லாத ஒரு விசை என்றுதான் விதி சொல்கிறது. அதை 60 அடி வரை அனுப்பலாம், ரிச்சுவல், ஸ்லாட் செலவில்லை. உங்கள் ஆட்டக்காரர்கள் கெட்டிக்காரர்கள், பொறாமையாக இருக்கிறது.

அவர்களுக்கு மேஜிக் மவுத் வையுங்கள், நிபந்தனை நிறைவேறினால் பொருளில் ஒரு வாய் தோன்றிச் செய்தி சொல்லும் மந்திரம். இரண்டாம் நிலை, பத்துப் பொன்னுக்கு ஜேட் என்ற பச்சைக்கல்லின் தூளும் கொஞ்சம் தேனடையும். கலைக்கும்வரை நிற்கும், ஒவ்வொரு முறையும் திரும்பப் பேசும்படியும் வைக்கலாம். அதன் நிபந்தனை 30 அடிக்குள் கண்ணுக்குத் தெரிவதாகவோ காதுக்குக் கேட்பதாகவோ இருக்கவேண்டும், உயிர் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. பெட்டியின் மூடி உயர்ந்தால் போதும், யார் உயர்த்தினாலும் சரி. அலாரம் ஆளைப் பார்க்கிறது, வாய் நடப்பதைப் பார்க்கிறது. இருட்டறை என்றால் மூடியின் கீல் கிறீச்சிடும் ஓசையை நிபந்தனையாக்குங்கள், எண்ணெய் போட்டுவிட்டு வருகிறார்களா பார்ப்போம். ஒரே குறை, வாய் மனத்துக்குள் பேசாது, கேட்க ஆள் அருகில் வேண்டும். மாடிப்படிக்கு அடியில் இரண்டு மாஸ்டிஃப் நாய்களைக் கட்டுங்கள். வாய் வேட்டைக்காரனின் சீழ்க்கையை ஒலித்தால் போதுமா என்று யாராவது கேட்பார்கள். விதி 25 சொற்களுக்குள் செய்தி என்கிறது. சீழ்க்கையை ஒரு சொல்லாக நான் எண்ணிக்கொள்வேன், உங்கள் கட்சி எண்ணாது என்று வாதாடினால் நாய்களின் பெயர்களைச் சொல்லிக் கூப்பிடச் செய்யுங்கள்.